இருநூற்றுப் பதினாறு நாற்காலிகளும் ஒரு சாண் பிழையும்

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது என் உத்தியோகம். பத்து கிராம் கூடக்குறைய இருந்தால் கடைக்காரரின் முகத்துக்கு நேரே சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டு வருவேன். கெஞ்சினாலும் இரங்க மாட்டேன். இப்பேர்ப்பட்ட நான் ஒன்பது வருடமாக ஓர் உலகத்தையே ஒரு சாண் தப்பாக அளந்து வைத்திருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடிதம் எழுதும் பாடத்தில் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கினார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், அப்புறம் விஷயம். அன்று முதல் எனக்கு வேறு மாதிரி பேச வருவதில்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்பதைக்கூட பொருள் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன் என்று வீட்டில் ஒரு புகார் உண்டு.

உலகம் என்றது கணினிக்குள் இருக்கும் உலகத்தை. யார் வேண்டுமானாலும் ஓர் உருவம் எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம், நடக்கலாம், பேசலாம், நிலம் பிடித்து வீடு கட்டலாம். அதை இயக்கும் மென்பொருள் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. பல தேசங்களில் இருக்கும் பதினோரு பேர், சம்பளம் இல்லாமல், ஆபீஸ் போக மிச்ச நேரத்தில் எழுதிப் பராமரிக்கிறோம். இந்த வேலையில் புதிதாக ஒன்றை எழுதுவது பெரிய காரியமில்லை. ஏற்கெனவே இருப்பதோடு அதை ஒத்துப்போக வைப்பதில்தான் தாலி அறும். புதுக்கதவு போட்டால் பழைய சாவி நுழையாது. சாவிக்காகக் கதவை இழைத்தால் சன்னல் மூடாது.

பதினோரு பேரும் என்னைத் 'தபால்' என்பார்கள். ஒரு வரி மாற்றினாலும் பதினாலு அம்சங்கள் வரிசை எண் போட்டு அனைவருக்கும் கடிதம் அனுப்புவது என் வழக்கம். அதை யாராவது படிக்கிறார்களா என்று நான் ஒருநாளும் சோதித்ததில்லை. தராசைத்தான் சோதிப்பேன்.

இனி பிழை. ஓர் உருவம் நாற்காலியில் உட்காரும்போது அதன் இடுப்பு எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்ற கணக்கை ஒன்பது வருடத்துக்கு முன் எழுதியவன் நான். அதில் தொடையின் தடிமனை ஒரு தடவை கழிக்க வேண்டும். நான் இரண்டு தடவை கழித்திருந்தேன். ஆகவே அந்த உலகத்தில் யார் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு சாண் கீழே அமிழ்ந்துதான் உட்கார்ந்தார்கள். ஜனங்கள் என்ன செய்தார்கள்? திட்டவில்லை, கடிதம் போடவில்லை. ஒவ்வொரு நாற்காலிக்கும் உட்காருமிடம் இதுதான் என்று கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று உண்டு. அதைப் பலகைக்கு மேலே ஒரு சாண் உயர்த்தி வைத்துக்கொண்டார்கள். பிழையும் பிழையும் கூடிச் சரியாகிவிட்டது. ஒன்பது வருடமாக எல்லோரும் அழகாக உட்கார்ந்திருந்தார்கள்.

சென்ற மாதம் பழைய மென்பொருள் வரிகளைப் புரட்டியபோது இது என் கண்ணில் பட்டது. அளவுத் துறையில் இருப்பவனுக்கு எப்படி இருந்திருக்கும்? காது மடல் வரைக்கும் சூடேறியது. உடனே திருத்தினேன். பதினாலு அம்சக் கடிதம் எழுதினேன். ஒன்பதாவது அம்சம்: 'இத்திருத்தத்தால் எவருக்கும் எவ்வித இடைஞ்சலும் நேராது.' எங்கள் விதிப்படி எந்த மாற்றமும் ஏழு நாள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். வைத்தேன். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. ஊரே என் நேர்மையில் வாயடைத்துப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். புதன்கிழமை சாயங்காலம் திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

வியாழன் காலை பதினோரு மணிக்கு ஒரு மளிகைக் கடையில் நான் தராசுத் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

"டேய், எங்க இருக்க?"

"சோதனையில இருக்கேன்கா."

"சோதனையிலதான் நானும் இருக்கேன். என் ஆளுங்க எல்லாம் காத்துல உக்காந்திருக்காங்கடா."

"காத்துலயா?"

"நாற்காலிக்கு மேல ஒரு சாண். சாமியார் மாதிரி. அஞ்சு பேரும் சம்மணம் போடாததுதான் குறை. நீ ஏதாவது செஞ்சியா?"

தட்டு என் கையிலிருந்து நழுவியது. கடைக்காரர் முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு சந்தோஷத்தைப் பார்த்தேன்.

அக்கா ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். 'மூச்ச இழுங்க, புடிங்க, அப்படியே இருங்க, இப்ப விடுங்க' என்று ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் சொல்லுவாள். மிச்ச நேரத்தில் நாடகம் எழுதுவாள். இருபது வருடத்தில் இரண்டு முறை அரங்கேற்றம் வரைக்கும் போனாள். முதல் தடவை மண்டபத்தைக் கடைசி நிமிடத்தில் வேறு கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் தடவை கதாநாயகனுக்கு அம்மை போட்டது. மூன்றாம் தடவை மண்டபமும் வேண்டாம் அம்மையும் வேண்டாம் என்று, எங்கள் உலகத்திலேயே தன் கையால் ஓர் அரங்கம் கட்டினாள். வரிசைக்குப் பதினெட்டு நாற்காலி, பன்னிரண்டு வரிசை, இரண்டு வருட உழைப்பு. அதற்கு இடம் பிடித்துக் கொடுத்தவன் நான். 'இங்க எதுவும் கெடாதுக்கா, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்' என்று சொன்னவனும் நான்தான்.

நாடகத்தின் பெயர் 'டோக்கன் நாற்பத்தேழு'. எக்ஸ்ரே அறை வாசலில் ஒரு பெஞ்சு, அதில் ஐந்து பேர். நாற்பத்தாறாம் நம்பரைக் கூப்பிட்டுவிட்டு அடுத்து நாற்பத்தெட்டைக் கூப்பிடுகிறார்கள். நாற்பத்தேழு என்ன ஆயிற்று என்பதுதான் கதை. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அரங்கேற்றம். ஐந்து நடிகர்கள், நான்கு தேசம். அழைப்பு ஏற்றவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர். அவர்களில் அவள் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரும் ஒருவர். 'நாடகமா? எக்ஸ்ரேயில உங்க மூளையையும் ஒரு தடவை எடுத்துப் பாத்துக்கங்க' என்று சிரித்த மனிதர்.

"நான் கடிதம் போட்டிருந்தேனேக்கா, ஏழு நாள் முன்னாடியே," என்றேன்.

"உன் கடுதாசிய யாருடா படிக்கறது?"



மத்தியானமே தாடியைக் கூப்பிட்டேன். தாடி எங்கள் பதினோரு பேரில் மூத்தவர், வேறு தேசத்தில் இருப்பவர். எந்த மாற்றத்தையும் உலகத்தில் ஏற்றவும் எடுக்கவும் வேண்டிய சர்வர் சாவி அவரிடம்தான். மென்பொருள் எழுதுகிறவன் கையில் சாவி இருக்கக் கூடாது என்று விதி செய்து, என்னிடம் இருந்த சாவியை நானே ஒப்படைத்திருந்தேன். அதற்கும் ஒரு கடிதம் உண்டு, பதினேழு அம்சம்.

"தாடி, அந்தத் திருத்தத்தத் திரும்ப எடுத்துடுங்க. இன்னிக்கே."

"ஏன், தப்பாப் போச்சா?"

"திருத்தம் சரிதான். சரியா இருக்கறதுதான் பிரச்சினை."

"ஏழு நாள் ஆகுமே தபாலு."

"சனிக்கிழமை எங்கக்கா நாடகங்க!"

"பாலம் ஞாபகம் இருக்கா?" என்றார் தாடி. எனக்கு ஞாபகம் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் எங்கள் உலகத்தில் அவர் போட்ட ஆற்றுப்பாலத்தில் ஒரு பலகை விட்டுப்போயிற்று. உடனே போட்டுவிடட்டுமா என்று அவர் கேட்டபோது, விதி விதிதான் என்று தடுத்தேன். ஏழு நாளும் ஜனங்கள் ஆற்றில் விழுந்துகொண்டே இருந்தார்கள்.

"அப்ப நீ ஒரு கடுதாசி போட்ட. எடுத்து வச்சிருக்கேன், படிக்கட்டுமா? 'ஜனங்கள் நனையட்டும், விதி நனையக் கூடாது.' அடடா, என்ன ஒரு வாசகம்யா! அப்பவே சட்டம் போட்டு மாட்டணும்னு நெனச்சேன்."

"தாடி..."

"மனு போடு. நேரா அடுத்த வியாழக்கிழமை எடுத்துடலாம். வரிசை எண்ணோட போடு, என்ன?"

என் கடிதத்தை ஒருவர் படித்திருக்கிறார் என்ற மகிழ்ச்சியை அனுபவிக்கக்கூட முடியாத நேரம் அது. மனுவைப் போட்டுவிட்டு, அரை நாள் விடுப்பும் எழுதிக் கொடுத்துவிட்டு, அக்கா வீட்டுக்குப் போனேன்.

அத்தான் கதவைத் திறந்தார். "வாங்க வாங்க. உலகத்தையே தூக்கி நிறுத்தினவர் வந்திருக்காரு," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஒரு சாண்தான் தூக்கினாராம்."

அக்கா கணினியைவிட்டுத் திரும்பவில்லை. திரையில் அவளுடைய ஐந்து நடிகர்களும் பெஞ்சுக்கு மேலே அந்தரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் நிஜத்தில் பல் வைத்தியர்; சோகமான வசனத்தைச் சொல்லும்போதே அவர் கால்கள் இரண்டும் தரையை எட்டாமல் ஊஞ்சலாடின. பார்க்கச் சிரிப்பு வந்தது. அக்காவின் பிடரியைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டேன்.

"எத்தனை நாற்காலிக்கா?"

"உனக்குத் தெரியாதா? எண்ணாம விட்டிருப்பியா நீ?"

இருநூற்றுப் பதினாறு. ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் இறக்கிவிடலாம் என்றால் முடியாது. இரண்டு வருடத்தில் அவ்வப்போது செய்தவை. ஒவ்வொன்றின் குறியும் ஒவ்வொரு மாதிரி. ஒவ்வொன்றாகத் திறந்து, குறியை ஒரு சாண் இறக்கி, சேமித்து, உருவத்தை ஒரு தரம் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு ஒரு கணினி, அவளுக்கு ஒன்று. நான் ஒரு தாளில் கட்டம் போட்டு, முடிந்த நாற்காலிக்கெல்லாம் டிக் அடித்தேன்.

"நான் நாப்பது முடிச்சிட்டேன், நீ எத்தனை?" என்றாள் அக்கா.

"பதினொண்ணு."

"அந்தத் தாளக் கிழிச்சுப் போடறேன் பாரு."

வியாழன் மாலையும் வெள்ளி மாலையும் இதே வேலை.  அத்தான் மட்டும் அவ்வப்போது எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, இந்தச் சோபா கொஞ்சம் தாழ்வா இருக்கற மாதிரி இருக்கு, இதையும் பாத்துடேன்," என்பார். வெள்ளி ராச்சாப்பாட்டுக்கு முன்னாலேயே இருநூற்றுப் பதினாறும் முடிந்தது. மேடையில் அந்தப் பெஞ்சு ஒன்றுதான் பாக்கி. நான் அதைத் திறக்கப் போனேன்.

"அதுல கை வைக்காத," என்றாள். "அஞ்சு பேரும் அஞ்சு விதமா உக்காருவாங்க. ஒருத்தன் நுனியில, ஒருத்தி சாஞ்சு. நீ தொட்டா எல்லாரையும் ஒரே மட்டத்துல நிறுத்திடுவ. நாளைக்கு டியூட்டி முடிஞ்சு வந்து நானே இறக்கிக்கறேன்."

இந்த இடத்தில் நான் செய்யாமல் விட்ட ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். ஆணி அடித்தாலும் அறிவிப்புக் கடிதம் அனுப்புகிற நான், நாற்காலிகளைக் கையாலேயே இறக்கிவிட்டோம் என்று தாடிக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன். 'பொருள்: தவறைத் திருத்திய திருத்தத்தைத் திருத்தியது தொடர்பாக' என்று ஆரம்பித்ததும் வெட்கமாகிவிட்டது. மூடி வைத்துவிட்டேன். ஒன்பது வருடத்தில் நான் அனுப்பாத ஒரே கடிதம் அதுதான்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அக்கா இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. நான் அவள் வீட்டில் கணினி முன்னால் காத்திருந்தேன். தாடியிடமிருந்து செய்தி வந்தது.

'தபாலு, உனக்கு ஒரு பரிசு. உன் அக்கா நாடகம்னு நம்ம ஆளுங்க எல்லார்கிட்டயும் பேசினேன். ஒன்பது வருஷத்துல முதல் தடவையா விதியத் தளர்த்தியாச்சு. உன்னத் தவிர எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. உன் திருத்தத்த எடுத்துட்டேன், பழையபடி ஆயிடுச்சு. நாற்காலியெல்லாம் இப்ப சரியா இருக்கும். நான் விமானம் ஏறறேன், போன அணைக்கிறேன். அக்காவுக்கு வாழ்த்து சொல்லு. நனைஞ்சா நனையட்டும்யா விதி.'

கூப்பிட்டேன். அணைத்துவிட்டார். அடுத்த தேசத்தில் இறங்க ஆறு மணி நேரம் ஆகும். சாவி அவரிடம். இரண்டாவது சாவி ஒன்று வேண்டும் என்று யாரோ எப்போதோ கேட்டதற்கு, வேண்டாம் என்று ஆறு அம்சத்தில் விளக்கியவன் நான்.

என் உருவத்தை அரங்கத்துக்குள் நடத்திச் சென்று மூன்றாம் வரிசையில் உட்காரவைத்தேன். நாற்காலிப் பலகை என் வயிற்றைக் குறுக்காக வெட்டியது. தொடை இரண்டும் பலகைக்கு அடியில் எங்கோ போய்விட்டன. மேல்பாதி மட்டும், குளத்தில் இறங்கிய மாடு மாதிரி, நிம்மதியாக இருந்தது.

அக்கா கைப்பையைக் கழற்றிக்கொண்டே வந்தாள். திரையைப் பார்த்தாள். நான் எழுந்து நின்று, பொருள் சொல்லாமல், நேரே விஷயத்தைச் சொன்னேன். தாடி நல்லது செய்திருக்கிறார். நாற்காலி இறக்கியதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லாதது என் தப்பு.



"திரும்ப ஏத்த முடியுமா?" என்றாள்.

"ஒரு மணி நேரம் இருக்கு. ரெண்டு பேரும் உக்காந்தா ஒரு அறுபது நாற்காலி..."

"உன் டிக் தாள் இல்லாமலா?"

"இல்லாம, ஒரு எழுபது."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.  மண்டபம், அம்மை, இப்போது தம்பி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நேரே மேடைக்குப் போய், தன் உருவத்தைப் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

கச்சிதமாக உட்கார்ந்தது. நாங்கள் தொடாமல் விட்டது அது ஒன்றைத்தான்.

பெஞ்சின் இரண்டு முனையிலும் மாறி மாறி உட்காரவைத்துப் பார்த்தாள். பிறகு, "சரி, நாடகம் பெஞ்சுலதான நடக்குது," என்றாள். "எந்த வரிசையும் தொடாத. கதவத் தெற."

"ஜனங்க?"

"நான் பாத்துக்கறேன்."

ஆறு மணிக்கு அரங்கம் நிறைந்தது. தொப்பி போட்டவர்கள், இறக்கை வைத்தவர்கள், நரியாக வந்த ஒருவர். பெரிய டாக்டர் கோட்டு சூட்டில் நேரே முதல் வரிசைக்குப் போய் உட்கார்ந்து, இடுப்போடு காணாமல் போனார். அரங்கம் முழுக்க ஒரே சலசலப்பு. அக்கா ஒலிவாங்கியை எடுத்தாள். எண்பது பேரைச் சமாளிக்கும் அந்தக் குரலில் பேசினாள்.

"எல்லாரும் கேளுங்க. இங்க உக்கார எடம் கெடையாது. எழுந்து நில்லுங்க. இந்த ஊர்ல யாருக்கும் கால் வலிக்காது, பயப்படாதீங்க. இது எக்ஸ்ரே ரூம் வாசல். பெஞ்சு ஒண்ணுதான். அதுல அஞ்சு பேர் ஏற்கெனவே உக்காந்தாச்சு. நீங்க எல்லாம் அவங்களுக்குப் பின்னாடி டோக்கன் வாங்கினவங்க. மூச்ச இழுங்க. புடிங்க. அப்படியே இருங்க."

இருநூறு பேரும் எழுந்து நின்றார்கள்.

நாடகம் ஆரம்பித்தது. பத்தாவது நிமிடத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர், "எங்க டோக்கன் எப்பங்க வரும்?" என்று குரல் கொடுத்தார். பெஞ்சின் நுனியில் இருந்த பல் வைத்தியர் வசனத்தை விட்டுவிட்டுத் திரும்பி, "எனக்கே வரல, உனக்கு என்னய்யா அவசரம்?" என்றார். சிரிப்பு கிளம்பியது. அதற்கப்புறம் கூட்டமும் நாடகத்துக்குள் வந்துவிட்டது. நாற்பத்தெட்டாம் நம்பரைக் கூப்பிட்டபோது இருநூறு பேரும் சேர்ந்து "நாப்பத்தேழு!" என்று கத்தினார்கள். பெஞ்சிலிருந்து அந்த நாற்பத்தேழு எழுந்திருக்கவே இல்லை. காத்திருந்தபடியே அந்த உயிர் போயிருந்தது என்பது கடைசிக் காட்சியில் தெரிந்தபோது ஒருவரும் கத்தவில்லை. அக்கா தன் கையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அத்தான், பார்க்காத மாதிரி சோபாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரை விழுந்தது. நல்ல நாடகம் முடிந்தால் எழுந்து நின்று கைதட்டுவது மரியாதை. ஏற்கெனவே ஒன்றரை மணி நேரமாக நிற்பவர்கள் என்ன செய்வார்கள்? இரண்டு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நரி உட்கார்ந்தது. வயிறு வரைக்கும் நாற்காலிக்குள் அமிழ்ந்து, மேல்பாதியோடு கைதட்டியது. அடுத்து அதன் வரிசை உட்கார்ந்தது. அப்புறம் வரிசை வரிசையாக, தண்ணீரில் இறங்குவதுபோல, இருநூறு பேரும் உட்கார்ந்து தட்டினார்கள். முதல் வரிசையில் பெரிய டாக்டர் கடைசியாக, கோட்டைச் சரிசெய்துகொண்டு, இடுப்போடு காணாமல் போனார்.

அக்கா மேடைக்கு வந்தாள்.  ஒலிவாங்கியில் வெறும் மூச்சுச் சத்தம் கேட்டது.

"இப்ப விடலாம்," என்றாள் ஒருவழியாக.

தாடி இறங்கியதும் கூப்பிட்டார். "எப்படி, எல்லாரும் நல்லா உக்காந்தாங்களா?" என்று ஆசையாகக் கேட்டார். "கடைசியில உக்காந்தாங்க," என்றேன். மீதியைக் கடிதத்தில் எழுதுவதாகச் சொன்னேன்.

ஞாயிறன்று சாப்பாட்டு மேசையில் அக்கா என் பக்கம் குழம்பை நகர்த்தினாள். மூன்று நாளில் அதுதான் முதல் உபசாரம்.

"அடுத்த மாசம் ரெண்டாவது காட்சி போடறேன். நிக்கறவங்களே போதும். நாற்காலிய எவனும் தொடக் கூடாது, மேலயும் வேணாம் கீழயும் வேணாம். அத உன் ஆளுங்களுக்கு எழுதிப் போடு."

"சரிக்கா."

"இனிமே உன் கடுதாசிய நானும் படிக்கறேன். ஆனா சின்னதா எழுது."

அன்று மத்தியானமே எழுதினேன். அடித்தேன், திருத்தினேன், எவ்வளவோ பாடுபட்டேன். பதினோரு அம்சத்துக்குக் கீழே இறங்கவில்லை.